காலையிடம் வாங்கிய கைமாற்று

வேலை முடிந்து வந்து மாடிப்படி ஏறும்போது, விளக்கைப் போடலாமா வேண்டாமா என்று கை ஒரு நொடி தயங்கினால் ஜனவரி பாதி தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நவம்பரில் அந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. முதல் படியில் கால் வைக்கும்போதே விரல் சுவிட்சைத் தேடிப் போய்விடும். டிசம்பரிலும் பெரும்பாலும் அதே கதைதான். அப்புறம் ஒரு நாள் பாதி மாடி ஏறிய பிறகுதான் விளக்கே போடவில்லை என்பது உறைக்கும். கைப்பிடிச் சுவரின் விளிம்பு தெரிகிறது. மூன்றாம் படியில் உடைந்த மூலை தெரிகிறது. சாவித்துவாரத்தைத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. மணி என்னவோ அதே மணிதான்.

"டிசம்பர் 21 தாண்டியாச்சு, இனி பகல் நீளத்தான் செய்யும்" என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் படித்ததும் அதுதான். சூரியன் தென்கோடிவரை போய்த் திரும்புகிற நாள், வடக்குப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் ஆண்டின் மிகக் குட்டையான பகல். அதற்கு அடுத்த நாளிலிருந்து ஏறுமுகம். இதில் தப்பே இல்லை.

ஆனால் எனக்கு அலாரம் அடிக்கிற நேரம் ஒன்று இருக்கிறதே. அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்தால் டிசம்பரில் தெரிந்த வெளிச்சம்கூட ஜனவரியில் தெரிவதில்லை. டிசம்பர் நடுவில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உருவம் அந்த நேரத்துக்குத் தெளிவாகத் தெரியும். ஜனவரி மூன்றாம் வாரத்தில் அது இருக்கிற இடத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். பகல் நீள்கிறது என்றால் இரண்டு முனையிலும் அல்லவா நீள வேண்டும்? சாயங்காலம் மட்டும் எப்படித் தாராளமாகக் கிடைக்கிறது? காலை ஏன் இன்னும் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது?

கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து ரொம்பத் தள்ளியில்லை. 13 டிகிரி வடக்கு அட்சரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆண்டின் மிகச் சிறிய பகல் ஏறக்குறைய 11 மணி 21 நிமிடம். ஜனவரி 21-ஆம் தேதி பகல் 11 மணி 28 நிமிடம். அதாவது ஒரு முழு மாதத்தில் பகல் கூடியது வெறும் 7 நிமிடம். ஆனால் அதே ஒரு மாதத்தில் சூரியன் மறைகிற நேரம் ஏறத்தாழ 17 நிமிடம் தள்ளிப் போயிருக்கிறது. 7 நிமிடம் கூடிய இடத்தில் சாயங்காலத்துக்கு 17 எப்படி வந்தது? மீதி 10 நிமிடம் காலையிலிருந்து எடுத்தது. சூரியன் உதிக்கிற நேரமும் 10 நிமிடம் பிந்திவிட்டது.

ஆக, படிக்கட்டில் எனக்குக் கிடைத்த வெளிச்சத்தில் பெரும்பகுதி புதிதாக வந்ததே அல்ல. காலையிடம் வாங்கிய கைமாற்று.

இது தெரிந்த பிறகு தேதிகள் எல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. 13 டிகிரியில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பர் 21 அன்று இல்லை. நவம்பர் மூன்றாம், நான்காம் வாரத்திலேயே அது நடந்து முடிந்துவிடுகிறது. மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி மூன்றாம், நான்காம் வாரத்தில். நடுவில் இரண்டு மாத இடைவெளி. டிசம்பர் 21 இந்த இரண்டுக்கும் நடுவே, எந்தச் சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலத்தை வைத்துப் பொழுதைக் கணக்குப் பண்ணுகிறவருக்குத் திருப்பம் ஒரு மாதம் முந்தியே வந்துவிட்டது. அதிகாலையில் எழுந்து நடக்கப் போகிறவருக்கு ஒரு மாதம் பிந்தி வருகிறது. ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர் இதைப் பற்றிச் சண்டை போட்டால் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

காரணம் உச்சிப்பொழுதில் இருக்கிறது. கடிகாரத்தில் 12 அடிப்பதும், சூரியன் வானத்தில் ஆக உயரமான இடத்துக்கு வருவதும் ஒன்றல்ல. நேர மண்டலம் எங்கே கோடு கிழித்திருக்கிறது என்பது ஒரு பக்கம். அதை விட்டுவிட்டாலும், சூரியனின் உச்சி கடிகாரத்துக்கு முன்னும் பின்னுமாக ஆண்டு முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் அது சராசரியைவிடப் 16 நிமிடத்துக்கு மேல் முந்தி வருகிறது. பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பிந்தி வருகிறது. ஏறத்தாழ நூறு நாட்களில் உச்சிப்பொழுது மொத்தமாக அரை மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. உச்சி பின்னால் போனால் அதன் இரு பக்கமும் இருக்கிற உதயமும் மறைவும் கூடவே பின்னால் போகத்தான் வேண்டும். பகலை அப்படியே தூக்கி மாலைப் பக்கமாக நகர்த்தி வைத்தது போல ஆகிவிடுகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். என் அறையில் தெற்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. கட்டியவர் சன்ஷேட் வைக்காமல் விட்ட ஜன்னல். அதனால் வெயில் காலத்தில் திட்டுவேன், இந்தப் பருவத்தில் அதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. மதியம் ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் விழும். முதலில் மேற்கே சாய்ந்திருக்கும். நகர்ந்து நகர்ந்து ஒரு கட்டத்தில் டைல்ஸ் இணைகிற கோட்டோடு நேராக ஒத்துப்போகும். அப்புறம் கிழக்கே சாயும். நேராக நிற்கிற அந்த ஒரு நிமிடம்தான் உண்மையான உச்சி. நவம்பரில் ஒரு விடுமுறை நாளில் அது எத்தனை மணிக்கு வந்தது என்று காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்தேன். ஜனவரி கடைசியில் அதே மணிக்குப் போய் நின்றால் நிழல் இன்னும் சாய்ந்தே இருக்கிறது. கோட்டுக்கு வந்து சேர அரை மணி ஆகிறது. ஃபோனில் அந்த நிமிடம் துல்லியமாகக் கிடைக்கும்தான். ஆனால் கம்பி நிழல் தாமதமாக வருவதை நேரில் பார்ப்பதில் இருக்கிற திருப்தி அதில் வராது.

சரி, சூரியனுக்கு ஏன் இந்தத் தாமதம்? பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதற்குள் சூரியனைச் சுற்றுகிற பாதையில் ஒரு டிகிரி அளவுக்கு நகர்ந்துவிட்டிருப்பதால், சூரியன் மறுபடி உச்சிக்கு வர இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தக் 'கொஞ்சம்' சராசரியாக 4 நிமிடம். அதையும் சேர்த்துத்தான் 24 மணி நேரம் என்று வைத்திருக்கிறோம். எல்லா நாளும் அந்தக் கொஞ்சம் ஒரே அளவாக இருந்தால் சிக்கல் இல்லை. இல்லையே. டிசம்பர் கடைசியில் ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு 24 மணி நேரத்தோடு இன்னும் சுமார் 30 விநாடி ஆகிறது. தினமும் அரை நிமிடம் என்றால் ஒரு வாரத்தில் மூன்றரை நிமிடம். கைமாற்று சேர்வது இப்படித்தான்.

அந்த 30 விநாடியில் பெரும்பங்கு பூமியின் சாய்வால் வருவது. அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால், நம் பார்வைக்குச் சூரியன் ஓராண்டில் போகிற பாதையும் வான நடுக்கோட்டுக்கு, அதாவது நிலநடுக்கோட்டை அப்படியே வானத்தில் நீட்டினால் வருகிற கோட்டுக்கு, சாய்வாக இருக்கிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் அது அந்தக் கோட்டைக் குறுக்கே கடப்பதால், ஒரு நாளைய நகர்வில் ஒரு பகுதி வடக்கு தெற்காகச் செலவாகிவிடுகிறது. டிசம்பரில் அப்படி இல்லை. வடக்கேயும் போகவில்லை, தெற்கேயும் போகவில்லை. நகர்கிறதெல்லாம் கிழக்கே மட்டும். போதாக்குறைக்கு, நடுக்கோட்டை விட்டுத் தள்ளிப் போனால் வடக்கு தெற்காக ஓடுகிற தீர்க்கக் கோடுகள் நெருங்கிவிடும் இல்லையா? அதனால் அதே நகர்வு கூடுதல் கோடுகளைத் தாண்டுகிறது. பூமி அந்த அளவுக்குக் கூடுதலாகத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

மிச்சச் சிறு பங்கு வேகத்தால் வருவது. பூமியின் பாதை சரியான வட்டமில்லை. ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு ஆக நெருக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறோம். ஜூலையில் 15.2 கோடி. நெருங்கும்போது வேகமும் கூடுகிறது, விநாடிக்கு 29.3 கிலோமீட்டராக இருப்பது 30.3 ஆகிறது. வடக்கே எல்லோரும் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்குகிற வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. இதை முதல் தடவை கேட்கிறவர்கள் யாரும் சட்டென்று நம்புவதில்லை. நானும் சொல்வதை நிறுத்துவதில்லை.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு ஆராய்ந்தேன் என்றால், அக்காவால்தான். அவள் லண்டனில் இருக்கிறாள். வாரக் கடைசியில் வீடியோவில் பேசுவோம். அவளுக்கு அது சாயங்காலம். நவம்பர் கடைசியிலிருந்து அவளுக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் வெறும் கறுப்புக் கண்ணாடிதான். அதில் அவள் பின்னந்தலையும் அறையின் விளக்கும் தெரியும், வேறெதுவும் தெரியாது. "நாலு மணிக்கே ஊர் அடங்கிடுதுடி, மத்தியானச் சாப்பாடு முடிச்சுத் தட்டைக் கழுவுறதுக்குள்ள ராத்திரி ஆயிடுது" என்பாள். நான் என் காலை இருட்டைப் பற்றிச் சொன்னால், "ஏண்டி, உனக்கெல்லாம் இருட்டுன்னா என்னன்னு தெரியுமா?" என்று வாயடைத்துவிடுவாள்.

அவள் சொல்வதும் நியாயம்தான். லண்டன் 51.5 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று அங்கே பகல் 7 மணி 50 நிமிடம். என்னைவிட மூன்றரை மணி நேரம் குறைவு. ஆனால் ஜனவரியில் ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த ஜன்னலில் முதல் தடவையாக ஏதோ தெரிந்தது. ஈரமான சாம்பல் நிறம். அதில் ஒரு மரத்தின் மொட்டைக் கிளை. "அக்கா, உனக்குப் பின்னாடி ஒரு மரம் இருக்கு, தெரியுமா?" என்றேன். திரும்பிப் பார்த்தாள். "அது எப்பவும் இருக்கிற மரம்தானே" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். லண்டனில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பர் 12 வாக்கில், மாலை 3:51-க்கு. மிகத் தாமதமாக உதிப்பது டிசம்பர் கடைசி நாட்களில், காலை 8:06-க்கு. எனக்கு இரண்டு மாதமாக இருக்கிற இடைவெளி அவளுக்கு மூன்று வாரம்கூட இல்லை. உச்சிப்பொழுது பின்னால் போவது அவளுக்கும் எனக்கும் ஒன்றுதான். அது பூமி முழுக்கப் பொது. ஆனால் அங்கே பகல் உண்மையாகவே நீள்கிற வேகம் அதிகம். அதனால் தினசரி அரை நிமிடத் தாமதத்தை அது சீக்கிரமே முந்திவிடுகிறது. ஜனவரி 21-இல் அவளுக்குச் சூரியன் மறைவது மாலை 4:28-க்கு. உதிப்பது 7:54-க்கு. சாயங்காலத்துக்கு வந்த அளவு காலைக்கு வரவில்லை என்றாலும், காலையும் திரும்பிவிட்டது. ஒரு மாதத்தில் 44 நிமிடம் அவள் கையில். என் 7 நிமிடத்தை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். சிரித்தாள்.

முதல் பத்து நாள் மட்டும் பகலின் நீளத்தில் அவளுக்கும் எனக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இதைப் புத்தாண்டு உற்சாகத்தில் யாரும் கவனிப்பதில்லை. டிசம்பர் 21-க்குப் பிறகு பத்து நாளில் சூரியன் வடக்கே நகர்வது மொத்தமே 0.35 டிகிரிதான். வானத்தில் தெரிகிற சூரிய வட்டத்தின் அகலம் அரை டிகிரிக்குச் சற்று மேல். பத்து நாள் முயன்றும் தன் உடம்பளவுகூட அது நகரவில்லை. மார்ச்சில் இதே பத்து நாளில் 4 டிகிரி போய்விடும்.

என் தெற்கு ஜன்னலில் இதற்கும் சாட்சி இருக்கிறது. உச்சி வேளையில் வெயில் அறைக்குள் எதுவரை வருகிறதோ அந்த இடத்தில் தரையில் செல்லோடேப் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறேன். டிசம்பர் கடைசியில்தான் வெயில் ஆக உள்ளே வரும், நாற்காலிக் கால்வரை. புத்தாண்டு அன்று பார்த்தால் ஒரு விரற்கடைதான் பின்வாங்கியிருந்தது. பெருக்கும்போது டேப் நகர்ந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிற அளவு. அதே வெயில், ஜனவரி முடிவதற்குள் ஒரு முழு டைல்ஸ் அகலம் ஜன்னலை நோக்கிப் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், பகல் நீள நீள என் அறைக்குள் வெயில் குறைகிறது. சூரியன் உயரப் போவதால் கதிர் செங்குத்தாக இறங்கி ஜன்னலடியிலேயே விழுந்துவிடுகிறது. குளிருக்கு இதமாகக் காலை நீட்டி உட்கார்ந்த இடம் மாசி வருவதற்குள் நிழலாகிவிடும்.

அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்று 5,000 வருடத்துக்கு மேல் பழைய கல்மேடு ஒன்று இருக்கிறது. கி.மு. 3200 வாக்கில் கட்டியது. உள்ளே போக 19 மீட்டர் நீளத்துக்குக் குறுகலான கல் நடை. வாசலுக்கு மேலே தனியாக ஒரு திறப்பு. குளிர்காலத் திருப்ப நாளை ஒட்டிச் சூரியன் உதிக்கும்போது அந்தத் திறப்பு வழியாக நுழைகிற வெளிச்சம் நடையைத் தாண்டி உள்ளறைவரை போய், சுமார் 17 நிமிடம் நின்றுவிட்டு வெளியேறும். நம் காலத்தில் இதை முதலில் உள்ளே நின்று பார்த்தவர் மைக்கேல் ஓ'கெல்லி என்ற தொல்லியல் அறிஞர், 1967 டிசம்பர் 21 அன்று. எனக்கு இதில் பிடித்த விவரம் வேறு. வெளிச்சம் அந்த ஒரு நாள் மட்டும் வருவதில்லை. டிசம்பர் 19 முதல் 23 வரை வருகிறது. மேகம் மறைத்தாலும் அடுத்த நாள் இருக்கிறது. சூரியன் அந்த நாட்களில் ஏறக்குறைய ஒரே இடத்தில் எழுவதால் அப்படித்தான் இருக்க முடியும். அவ்வளவு பெரிய கற்களை நகர்த்திக் கட்டியவர்களுக்கு அந்தச் சூரியன் எங்கே எழும் என்று எத்தனை குளிர்காலம் பார்த்துத் தெரிந்திருக்க வேண்டும்!

இன்னும் வடக்கே போனால் பகல் நீள்கிறதா என்ற கேள்வியே வேறு. நார்வேயின் ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அந்த ஊரைச் சுற்றி மலை வேறு. அதனால் ஊருக்குள் சூரியன் தலைகாட்ட ஜனவரி 21 ஆகிவிடும். அதே நாட்டில் ரியூகான் என்ற ஊர் ஆழமான பள்ளத்தாக்கில் இருக்கிறது. அரை வருடம் நேர்வெயிலே ஊருக்குள் விழாது. 2013-இல் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை வைத்து, சூரியன் போகிற போக்குக்கு அவை தானாகத் திரும்பும்படி செய்து, ஊர்ச் சதுக்கத்தில் வெயிலை இறக்கினார்கள். கூடுதல் நிமிடங்களுக்காக மார்ச்வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமையில்லை. எனக்கும் இருந்திருக்காது.

பகல்தான் நீள்கிறதே, குளிர் ஏன் குறையவில்லை என்று அலுவலகத்தில் ஒருவர் வருடா வருடம் கேட்பார். நிலமும் கடலும் வைத்திருக்கிற சூடு கரைந்துகொண்டே இருக்கிறது. டிசம்பர் 21-க்குப் பிறகு வரவு கூடுகிறதுதான், ஆனால் செலவு இன்னும் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. வரவு செலவைத் தொடும்வரை குளிர் ஏறத்தான் செய்யும். வடக்கே பல இடங்களில் அது ஜனவரி நடுவிலோ கடைசியிலோதான் நடக்கிறது. அதனால் பகல் நீள்வதைத் தோலால் தெரிந்துகொள்ள முடியாது, கண்ணால்தான்.

பறவைகளும் கண்ணைத்தான் நம்புகின்றன போலிருக்கிறது. கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியல் பேராசிரியர் 1920-களில் ஜன்கோ என்ற சிறு குருவிகளை இலையுதிர் காலத்தில் பிடித்து, திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்தார். ஒரு கூட்டத்துக்கு மட்டும் மின்விளக்கு போட்டு, நாளுக்குச் சில நிமிடமாகப் 'பகலை' நீட்டிக்கொண்டே போனார். வெளியே எலும்பை உறையவைக்கும் குளிர். ஆனாலும் விளக்கு வெளிச்சத்தில் இருந்த குருவிகளின் உடம்பு நடுக்குளிர்காலத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டது. குருவியை வசந்தத்துக்குத் தயார்ப்படுத்துவது கதகதப்பு இல்லை, பகலின் நீளம்தான் என்று 1925-இல் எழுதினார்.

அது எட்மன்டன். அங்கே பகல் மணிக்கணக்கில் மாறும், குருவி கவனிப்பதில் ஆச்சரியமில்லை. என்னைப் போல் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கிற பறவைக்கு? இதற்கும் பதில் இருக்கிறது. பனாமாவில், 9 டிகிரி வடக்கில், காட்டுக்குள் வாழ்கிற புள்ளி எறும்புப்பறவையை வைத்து 1998-இல் ஒரு ஆய்வு வந்தது. பகலை வெறும் 17 நிமிடம் நீட்டியதுமே அந்தப் பறவையின் உடம்பு அதைக் கண்டுகொண்டது, பாடுவதும் கூடியது. அடர்ந்த காட்டின் அடித்தட்டில், எப்போதும் பாதி இருட்டில் இருக்கிற பறவை அது. அலாரமும் ஃபோனும் ஜன்னலும் செல்லோடேப்பும் வைத்திருக்கிற எனக்கு 7 நிமிடம் தெரியவில்லை என்று நான் ரொம்ப வருத்தப்படவில்லை. ஆனால் அந்தப் பறவையின் மேல் கொஞ்சம் பொறாமை வந்தது உண்மை.

அக்காவின் மேஜையில் ஒரு வெள்ளைப் பலகை விளக்கு இருக்கிறது. காலையில் அரை மணி நேரம் அதன் எதிரே உட்கார்ந்து மின்னஞ்சல் பார்ப்பாள். 10,000 லக்ஸ். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு. வீட்டுக்குள் சாதாரண விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். குளிர்காலத்தில் மட்டும் வருகிற மனச்சோர்வை நார்மன் ரோசென்தாலும் அவருடன் இருந்தவர்களும் 1984-இல் ஒரு நோய்நிலையாக விவரித்து எழுதினார்கள். ரோசென்தால் தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர், முதலில் கவனித்தது தன்னைத்தான். அதிலிருந்து வந்ததுதான் இந்த விளக்கு வைத்தியம். அக்கா அதை வாங்கியபோது நான் கேலி செய்தேன். இப்போது செய்வதில்லை. நவம்பரில் பேசும்போது அவள் குரலும் மார்ச்சில் பேசும்போது அவள் குரலும் ஒன்றில்லை, அது எனக்கே தெரிகிறது.

இனி வருவதுதான் எனக்கு நல்ல பகுதி. பிப்ரவரி 11-க்குப் பிறகு உச்சிப்பொழுது திரும்ப முன்னால் வர ஆரம்பிக்கும். கைமாற்று திரும்பக் கொடுக்கிற காலம். 13 டிகிரியில் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பகல் 40 நிமிடத்துக்கு மேல் கூடுகிறது. அதில் காலைக்குப் போவது சுமார் 35 நிமிடம். சாயங்காலத்துக்கு மிஞ்சுவது 7 நிமிடம் போல. ஜனவரியில் நடந்ததற்கு நேர்எதிர். என் மாடிப்படி அதற்குமேல் பெரிதாக வெளிச்சமாகாது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும் வாரத்துக்கு வாரம் தெளிவாகிக்கொண்டே வரும். அதில் காகம் உட்கார்ந்திருக்கிறதா என்பதுவரை அலாரம் அடிக்கும்போதே தெரிந்துவிடும்.

அக்காவுக்கு அந்தச் சமயத்தில் நாளுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் கூடிக்கொண்டிருக்கும். எனக்கு 44 விநாடி. மார்ச் மூன்றாம் வாரத்தில் இரண்டு பேருக்கும் பகல் சமமாகும், அப்புறம் அவள் என்னைத் தாண்டிப் போய்விடுவாள். ஜூனில் அவளுக்கு 16 மணி 38 நிமிடம், எனக்கு 12 மணி 53 நிமிடம்.

அதுவும் போதாதென்று அங்கே மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். வில்லியம் வில்லெட் என்ற கட்டடத் தொழில்காரர் 1907-இல் இதை வலியுறுத்திப் பிரசுரமே போட்டார். 1916-இல், அவர் இறந்த மறுவருடம், சட்டமாக வந்தது. வானம் எனக்கு இரண்டு மூன்று மாதம் எடுத்து அரை மணி நேரம் செய்கிற காரியத்தை அவர்கள் ஒரே ராத்திரியில் ஒரு மணி நேரமாகச் செய்துவிடுகிறார்கள். காலையிலிருந்து எடுத்துச் சாயங்காலத்தில் போடுகிறார்கள். அக்டோபர்வரை திருப்பிக் கொடுப்பதும் கிடையாது. "இது அநியாயம் இல்லையா?" என்று அக்காவிடம் கேட்டேன். "அந்த ஞாயித்துக்கிழமை ஃபோன் நேரம் மாறும், போன வருஷம் மாதிரி ஒரு மணி நேரம் காக்க வைக்காதே" என்றாள்.